பழைய வீட்டு பேஸ்மென்ட்டில் கிடக்கும் நிலக்கரி: வாங்கலாமா, எப்படிச் சோதிப்பது?

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 4, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், வில்க்ஸ்-பேரிக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள கிங்ஸ்டன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய இந்தப் பழைய வீட்டோடு, கையால் கரி போடும் அடுப்பு ஒன்றும் வந்தது. போன குளிர்காலம் முழுக்க அதில்தான் வீட்டைச் சூடாக வைத்தோம். 'நட்' எனப்படும் துண்டு அளவில் ஆந்த்ரசைட் (கடினமான, புகை குறைந்த நிலக்கரி வகை) போடுகிறேன். இந்த வருடம் வீட்டுக்கே கொண்டுவந்து கொட்ட டன்னுக்கு 350 டாலர் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகள் வீட்டை விற்கப் போகிறார். பேஸ்மென்ட்டில் இரண்டு கரி அறைகள், இரண்டிலும் நிலக்கரி இருக்கிறது. "அப்பா கேஸுக்கு மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, மொத்தம் ஐந்து டன் இருக்கும், 500 டாலர் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

பெரிய அறையில் உள்ளது கறுப்பாக, எலுமிச்சை அளவில் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் துரு பிடித்த மாதிரி பழுப்புக் கறை. சின்ன அறையில் உள்ளது மங்கலாக, தொட்டால் கையெல்லாம் கரி ஆகிறது. இவ்வளவு பழைய நிலக்கரி எரியுமா? இரண்டும் ஒன்றுதானா? யாராவது வழிகாட்டுங்கள்.

ரெடிங்_குமரன் | அக்டோபர் 4, காலை 10.02

என் ஆலோசனை, வேண்டாம். பளபளப்பாக இருந்தால் நல்ல கரி, மங்கலாகவும் துருக்கறையோடும் இருந்தால் கெட்டுப்போன கரி. எத்தனை வருடமாக ஈரத்தில் கிடந்ததோ! 500 டாலரும் போய், அதை அள்ளிக் கொண்டுவர முதுகும் போய்விடும்.

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 4, மதியம் 12.45

குமரன், நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. கார்த்தி தம்பி, அவசரப்பட்டு வேண்டாம் என்றும் சொல்லாதே, பணத்தையும் கொடுத்துவிடாதே. நான் 25 வருடமாக ஆந்த்ரசைட்டில்தான் வீட்டைச் சூடாக்குகிறேன். இப்படிப் பழைய வீடுகளிலிருந்து நாலைந்து முறை எடுத்திருக்கிறேன். ஒரு தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பளபளப்பு. பல வருடம் பேஸ்மென்ட்டில் கிடந்த எந்தக் கரியும் மேலே தூசு படிந்து மங்கலாகத்தான் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் நாலு துண்டைப் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்துப் பார். அப்புறம் ஒன்றைச் சுத்தியலால் உடை. கண்ணாடி போட்டுக்கொள், சில்லு தெறிக்கும். ஆந்த்ரசைட் என்றால் உடைந்த முகம் கண்ணாடிப் பாட்டில் உடைந்தது போல வளைவு வளைவாக, கறுப்பு மின்னலோடு இருக்கும். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் கை அவ்வளவாக அழுக்காகாது. இரண்டு துண்டை மோதினால் "டிங்" என்று கணீரென்ற சத்தம் வரும். நூறு வருடத்துக்கு முன்னால் லாக்கவானா ரயில் கம்பெனிக்காரர்கள் வெள்ளை உடை போட்ட ஒரு பெண்ணை வைத்து விளம்பரம் செய்தார்கள். எங்கள் வண்டியில் ஓடுவது ஆந்த்ரசைட், உங்கள் உடை அழுக்காகாது என்பதுதான் அதன் சாரம்.

பிட்டுமினஸ், அதாவது புகை அதிகம் விடும் மென்மையான நிலக்கரி, அப்படியில்லை. பளபளப்பும் மங்கலும் அடுக்கடுக்காகக் கோடு போட்ட மாதிரி மாறி மாறி வரும். உடைத்தால் கட்டை கட்டையாகப் பிரியும். கையெல்லாம் கறுப்பாகும். உன் சின்ன அறையில் இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன்.

துருக்கறைக்குப் பயப்படாதே. சுரங்கத் தண்ணீரிலும் கரியிலும் உள்ள இரும்பு அப்படிப் படியும். அதனால் சூடு குறையாது. அதைவிடக் கல்தான் கவலை. எவ்வளவு கல் கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நெய்வேலிப்பிள்ளை | அக்டோபர் 4, மாலை 6.30

ஒரு சந்தேகம். நான் வளர்ந்தது நெய்வேலியில், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரியைக் கொஞ்ச நாள் வெளியில் போட்டால் காய்ந்து, வெடித்து, பொடியாகிவிடும். குவியலாக விட்டால் தானாகவே புகைய ஆரம்பிக்கும், தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் கேட்கிறேன், இத்தனை வருடம் கிடந்த கரியில் சத்து இருக்குமா?

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 4, இரவு 8.15

நல்ல கேள்வி. நெய்வேலியில் பார்த்தவருக்கு அப்படித்தான் தோன்றும். அது லிக்னைட். எடையில் பாதி அளவுக்குத் தண்ணீரே இருக்கும். அந்தத் தண்ணீர் வெளியேறும்போது கட்டி தாங்காமல் உடைகிறது. உடைந்த புது முகங்களில் காற்று பட்டு, சூடேறி, தானாகப் பற்றிக்கொள்கிறது. பிட்டுமினஸிலும் இந்தக் குணம் ஓரளவு உண்டு, பெரிய குவியலாக இருந்தால் கவனிக்க வேண்டும்.

ஆந்த்ரசைட் இந்த வரிசையின் மறுமுனை. கல்லையும் ஈரத்தையும் தள்ளிவிட்டுக் கணக்கிட்டால் 86 சதவீதத்துக்கு மேல் கார்பன், ஆவியாகிப் போகும் பொருள் மிகக் குறைவு. மழையில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, பல கோடி வருடம் மண்ணுக்குள் இருந்ததுதானே. என் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புல் முளைத்துக் கிடந்த குவியலை நாங்களே அள்ளி, கழுவி எரித்தோம், புதுக்கரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனவே வயது ஒரு பிரச்சினையே இல்லை, தம்பி. இனம், அளவு, கல், தூள், இந்த நாலையும் பார்.

நெய்வேலிப்பிள்ளை | அக்டோபர் 4, இரவு 8.40

நன்றி சார், இப்போது புரிகிறது. அந்த லிக்னைட்டைக் கட்டியாக்கிக் கருக்கி, 'லெக்கோ' என்று வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். பாட்டி வீட்டில் அதில்தான் வெந்நீர் போடுவார்கள். பற்ற வைக்கத்தான் பாடு, பிடித்துக்கொண்டால் புகையே இருக்காது.

பாட்ஸ்வில்_மீனா | அக்டோபர் 5, காலை 7.20

அளவைப் பற்றி நான் சொல்கிறேன், நிறையப் பேர் தப்பு செய்யும் இடம் அது. எங்கள் வீட்டில் தானாகக் கரி ஊட்டும் ஸ்டோக்கர், அதற்கு ரைஸ் அளவுதான் ஆகும். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஒரு தடவை பழைய கரி வாங்கினோம். அதில் பீ அளவும் ரைஸும் கலந்திருந்தன. ஊட்டும் திருகு இரண்டு முறை மாட்டி நின்றது, ஜனவரி மாதம், ராத்திரி 2 மணிக்கு.

இங்கே அளவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள், நம் வீட்டுச் சமையலறை மாதிரியே இருக்கும். பார்லி, ரைஸ், பக்வீட், பீ, நட், ஸ்டவ், எக். ரைஸ் என்றால் 3/16 முதல் 5/16 அங்குலம். பக்வீட் 9/16 வரை. பீ 13/16 வரை. நட் என்பது 13/16 முதல் 1 5/8 அங்குலம், அதாவது பெரிய நெல்லிக்காயிலிருந்து சின்ன எலுமிச்சை வரை. அதற்கு மேல் ஸ்டவ், இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு வரை.

கையால் போடும் அடுப்புக்கு நட்டும் ஸ்டவ்வும் கலந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் சின்னது அதிகம் இருக்கக் கூடாது. இந்தக் கரி எரியக் காற்று கீழிருந்து, கிராதி வழியாக, துண்டுகளுக்கு நடுவே ஏறி வர வேண்டும். தூளும் பொடியும் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் தீ மூச்சுத் திணறும். அது மட்டுமல்ல, நல்ல தீயின் மேல் தூளாக அள்ளி மூடினால் அடுப்புக்குள் வாயு தேங்கி, திடீரென்று "தொம்" என்று வெடித்துப் புகைக்குழாயே கழன்று வரும். இது பயமுறுத்த எழுதுவதல்ல, என் தோழி வீட்டில் நடந்தது.

கார்த்தி, அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை வாங்கி ஒரு மரச்சட்டத்தில் அடியுங்கள். ஒரு வாளி கரியை எடை போட்டு, சலித்து, கீழே விழுந்ததை எடை போடுங்கள். மேலாக இருப்பதை மட்டும் எடுக்காதீர்கள். தூள் எப்போதும் அடியில்தான் போய்ச் சேரும். மேலே, நடுவில், தரையை ஒட்டி என்று மூன்று இடத்தில் எடுங்கள்.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 6, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு வாளி எடுத்து வந்தேன். கழுவிப் பார்த்ததும் பெரிய அறைக் கரி மின்னுகிறது, மாமா சொன்ன மாதிரியே வளைவாக உடைகிறது. சின்ன அறைக் கரி அடுக்கடுக்காக இருக்கிறது, கழுவக் கழுவத் தண்ணீர் கறுப்பாகிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் பெரிய அறை வாளியில் சில துண்டுகள் சாம்பல் கலந்த கறுப்பு, தட்டையானவை. அவை கல்லா கரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 6, இரவு 10.20

அதற்குத்தான் வருகிறேன், நான் ஏமாந்த கதையும் அதுதான். ஒரு வீட்டில் ஆறு டன் எடுத்தேன். பார்க்க எல்லாம் கறுப்பு, எல்லாம் மின்னியது. எரித்தால் காலையில் சாம்பல் பெட்டி நிரம்பி வழிந்தது, நடுநடுவே முழுக்கல் போட்டது போட்டபடி கிடந்தது. பிரேக்கரில் (கரியை உடைத்து, அளவு பிரித்து, கல்லை நீக்கும் ஆலை) கல் பிரிக்கும்போது தள்ளிவிட்ட மட்டமான கரியை யாரோ மலிவாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் பிரேக்கரில் இந்தக் கல்லைப் பொறுக்கச் சின்னப் பையன்களைத்தான் உட்கார வைத்தார்கள். கால்களுக்கு நடுவே ஓடும் கரியிலிருந்து நாள் முழுக்கக் குனிந்து ஸ்லேட்டைப் பொறுக்க வேண்டும், கையுறை கூடக் கிடையாது. ஒரு வாளிக் கரியில் கல் பொறுக்கவே நமக்குக் கண் வலிக்கிறது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் அதைச் செய்தார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சரி, கண்ணை நம்பாதே, தராசை நம்பு. சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

துண்டைக் காயவைத்து எடை போட்டுக் குறித்துக்கொள். அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கு. துண்டை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடு. அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டுவது அந்தத் துண்டு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காய்ந்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

இங்கத்து ஆந்த்ரசைட் சுமார் 1.5 முதல் 1.7 வரும். பிட்டுமினஸ் 1.3 பக்கம். 2-க்கு மேல் போனால் அது கல், சந்தேகமே வேண்டாம். 1.8, 1.9 என்று வருவதை இங்கே 'போன்' என்பார்கள், கல்லும் கரியும் கலந்தது. எரியும், ஆனால் சாம்பல் ஏராளம்.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 7, இரவு 8.30

இன்று மகளும் நானும் உட்கார்ந்து 20 துண்டுகளைப் பார்த்தோம். அவள் நூல் கட்டிப் பிடித்துக்கொண்டாள், நான் எழுதினேன்.

பெரிய அறையின் மின்னும் துண்டு ஒன்று 412 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 260. அடர்த்தி 1.58. தட்டைத் துண்டு 388 கிராம், தண்ணீரில் 160. அதாவது 2.4, கல்லேதான். சின்ன அறைத் துண்டு 300 கிராம், தண்ணீரில் 228. 1.32.

பெரிய அறையிலிருந்து எடுத்த 20-இல் இரண்டுதான் கல். ஒன்று 1.85. மற்றதெல்லாம் 1.5-க்கும் 1.65-க்கும் நடுவே.

ரெடிங் குமரன் அண்ணா, துருக்கறை படிந்த துண்டுகளையும் தனியாகப் பார்த்தேன். அவையும் 1.6 தான்.

ரெடிங்_குமரன் | அக்டோபர் 7, இரவு 9.00

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் ஆயில் சூடாக்கிதான், நான் கேள்விப்பட்டதை வைத்துச் சொன்னேன். ஒரு டன் நல்ல ஆந்த்ரசைட் எத்தனை கேலன் ஆயிலுக்குச் சமம் என்று யாராவது சொல்ல முடியுமா?

பாட்ஸ்வில்_மீனா | அக்டோபர் 7, இரவு 9.25

கணக்கு எளிது. ஒரு பவுண்டு ஆந்த்ரசைட்டில் சுமார் 12,500 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு). இங்கே டன் என்றால் 2,000 பவுண்டு, ஆகவே 2.5 கோடி பிடியு. ஒரு கேலன் ஆயிலில் 1,38,500 பிடியு. வகுத்தால் 180 கேலன். இரண்டு அடுப்பும் ஒரே அளவு திறனோடு எரிந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். இது நல்ல கரிக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு கல் என்றால் அந்தப் பங்குக்கு ஒரு பிடியு கூட வராது. கல்லைச் சுமந்து, அடுப்பில் சூடாக்கி, திரும்ப வெளியே கொண்டுபோய்க் கொட்டுவோம்.

ஸ்வான்சீ_டாக்டர் | அக்டோபர் 8, மாலை 5.10

வேல்ஸிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் பழைய வீடுகளில் கரி மிச்சம் கிடக்கும். தென் வேல்ஸ் சுரங்கப் பகுதியில் மேற்கே எங்கள் பக்கம் ஆந்த்ரசைட், நடுவே கப்பலுக்குப் போன நீராவிக் கரி, கிழக்கே போகப் போக பிட்டுமினஸ். எனவே வீடு எந்த ஊரில் என்பதே ஒரு துப்பு. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, கரி வண்டியிலும் ரயிலிலும் எங்கிருந்தும் வந்திருக்கும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே புகை விடும் வீட்டுக்கரியை மூட்டையில் விற்பது 2021 மே மாதத்திலிருந்தும், மூட்டையில்லாமல் உதிரியாக விற்பது 2023 மே மாதத்திலிருந்தும் தடை. ஆந்த்ரசைட்டுக்கு அந்தத் தடை இல்லை. யாராவது "தாத்தா காலத்துக் கரி, மலிவு" என்று விற்க வந்தால், எந்தக் கரி என்று கேளுங்கள். முட்டை வடிவத்தில் ஒரே அச்சாக இருந்தால் அது வெட்டி எடுத்த கரி இல்லை, தூளைப் பிசைந்து அழுத்திச் செய்தது. அதில் பெட்ரோலியம் கோக் கலந்த வகைகளும் உண்டு. சூடு மிக அதிகமாகிக் கிராதியைத் தின்றுவிடும். மூட்டை இல்லாமல் கிடைத்தால் நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்று, மருத்துவனாகச் சொல்கிறேன். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று காய்ச்சல் வருவது போலத்தான் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் சரியானால், உடனே அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூங்கும் அறைக்குப் பக்கத்திலும் அடுப்பு இருக்கும் தளத்திலும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வையுங்கள். தெரியாத கரியைச் சோதிக்கப்போகும் நாளில் அதன் பேட்டரியையும் பாருங்கள்.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 8, இரவு 7.45

டாக்டர் சார், நன்றி. இரண்டு கருவிகள் இருக்கின்றன, இன்றே அழுத்திப் பார்த்தேன்.

இனி எரித்துப் பார்க்கலாமா? சின்ன அறைக் கரியையும் என் அடுப்பில் போடலாமா?

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 8, இரவு 9.30

சின்ன அறைக் கரியை உன் அடுப்பில் போடாதே. அது ஆந்த்ரசைட்டுக்கென்று செய்த அடுப்பு. பிட்டுமினஸ் போட்டால் மஞ்சள் தீயும் கறும்புகையுமாக வரும், புகைக்குழாய் முழுக்கக் கரி அடைக்கும், அது வேறு தீ விபத்துக்கு வழி. உறுதி செய்ய வேண்டுமானால் வெளியே, ஒரு செங்கல்மேல் நிலக்கடலை அளவுச் சில்லு வைத்து, புரொபேன் டார்ச்சால் சூடு காட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு செய். பிட்டுமினஸ் உடனே புகைந்து, தார் நாற்றம் அடித்து, டார்ச்சை எடுத்த பிறகும் மஞ்சளாக எரியும். ஆந்த்ரசைட் அசையாது. நேரம் எடுத்துச் சிவக்கும், ஈரம் இருந்தால் பட் பட்டென்று தெறிக்கும், டார்ச்சை எடுத்தால் அணைந்துவிடும்.

அணைந்துவிட்டதே, இது கல்தான் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. உங்கள் ஊரிலேயே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1808 பிப்ரவரியில் வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கிராதி ஒன்றில் இந்தக் கரியைக் குவித்து, துருத்தி இல்லாமலே கணப்பில் எரித்துக் காட்டினார். கீழிருந்து காற்று, போதிய கனத்தில் கரி. அந்த இரண்டும் இருந்தால் போதும் என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கரி பரவலாக வீடுகளுக்குள் வந்தது.

பெரிய அறைக் கரியை இப்படிச் சோதி. அடுப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சலித்த கரி 40 பவுண்டு எடைபோட்டு வைத்துக்கொள். விறகில் தீ மூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த 40 பவுண்டையும் போட்டு, முழுக்க எரிந்து அணைய விடு. நீல நிறச் சுடர் கரிக்குமேல் ஆடுகிறதா பார், அது தேங்கிய வாயு எரிவதன் அடையாளம், அதுதான் வேண்டும். அணைந்து நன்றாக ஆறியபின் சாம்பலை எடை போடு. எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கித் தனியாக எடை போட்டுக் கழித்துக்கொள். சாம்பல் 10, 12 சதவீதம் என்றால் நல்ல கரி. 15 தாண்டினால் விலையைக் குறை. 20 என்றால் நான் இலவசமாகக் கொடுத்தாலும் சுமக்க மாட்டேன். அதோடு சாம்பல் பொடியாக இருக்கிறதா, உருகிக் கட்டி கட்டியாகிக் கிராதியில் ஒட்டுகிறதா என்பதையும் பார்.

பாட்ஸ்வில்_மீனா | அக்டோபர் 9, காலை 6.50

இதற்கு நடுவே ஒன்று. பழைய பேஸ்மென்ட் என்றால் கரி அறைக்குப் பக்கத்தில் பழைய பாய்லர் நின்றிருக்கும். அதையும் குழாய்களையும் சுற்றி வெள்ளையாக, பஞ்சும் சுண்ணாம்பும் சேர்ந்த மாதிரி உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அது உதிர்ந்து கரியில் விழுந்திருந்தால் அந்தக் கரியைத் தொடவே வேண்டாம், சலிக்கவும் வேண்டாம். சலித்தால் தூள் காற்றில் பறக்கும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

ஆணி, கண்ணாடி, மரத்துண்டு எல்லாம் பொறுக்கிவிடலாம். வண்ண உறை போட்ட மெல்லிய ஒயர் கிடைத்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள், அது சுரங்கத்தில் வெடி வைத்த ஒயராக இருக்கலாம். அதன் நுனியில் சின்ன உலோகக் குழல் இருந்தால் தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள்.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 12, இரவு 10.15

மீனா அக்கா, நேற்று கைவிளக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய பாய்லரை 1990-களிலேயே எடுத்துவிட்டார்களாம். கரி அறை எதிர்மூலையில், நடுவே சுவர். உறை எதுவும் உதிர்ந்து கிடக்கவில்லை. ஒயரும் இல்லை.

எரித்துப் பார்த்த கணக்கு: போட்டது 40 பவுண்டு. மிஞ்சியது 5.8. அதில் எரியாத கரி 1.2. ஆக 38.8 பவுண்டு எரிந்து 4.6 பவுண்டு சாம்பல், கிட்டத்தட்ட 12 சதவீதம். கட்டி ஒன்றுகூட இல்லை, வெளிர் பழுப்பில் பொடியாக இருந்தது. கரி பிடித்ததும் அந்த நீலச் சுடர்கள் எழுந்து ஆடின. மகள் விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலித்ததில் மூன்று இடத்து வாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 11 பவுண்டு தூள்.

இப்போது எடை. ஐந்து டன் இருக்கும் என்று அந்த அம்மா சொன்னாரே, அதை எப்படிச் சரிபார்ப்பது?

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 12, இரவு 10.50

நீளம், அகலம், சராசரி உயரம் மூன்றையும் அடியில் அள. குவியல் ஒரு பக்கம் சரிந்திருக்கும், நாலைந்து இடத்தில் குச்சி குத்தி உயரம் பார். பெருக்கினால் கன அடி. ஐந்து கேலன் வாளியை விளிம்புவரை நிரப்பி, தட்டிச் சமன் செய்து எடை போடு. அந்த வாளி 0.668 கன அடி.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 13, மாலை 6.00

பெரிய அறை 8 அடி, 6 அடி, சராசரி உயரம் இரண்டரை அடி. 120 கன அடி. வாளி 35 பவுண்டு, அப்படியானால் கன அடிக்கு 52.4. மொத்தம் 6,288 பவுண்டு, 3.1 டன். சின்ன அறையையும் சேர்த்தால் நாலு டன் வரலாம், ஐந்து இல்லை. அந்த அம்மா வேண்டுமென்று கூட்டிச் சொல்லவில்லை, அவர் அப்பா எப்போதோ சொன்னதை நினைவில் வைத்துச் சொன்னார். நான் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தூள் போக 2.8 டன் நல்ல கரி, டன்னுக்கு 100 டாலர் என்று 280 டாலருக்கு ஒத்துக்கொண்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், காசு கொடுத்து அள்ளிப்போகச் சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்திருந்தாராம்.

சின்ன அறைக் கரியை டார்ச்சில் பார்த்தேன், மாமா சொன்ன அதே தார் நாற்றம். அதை என்ன செய்வது?

ஸ்வான்சீ_டாக்டர் | அக்டோபர் 13, இரவு 7.15

கொல்லர்கள் வாங்குவார்கள். உலைக்குப் பிட்டுமினஸ்தான் வேண்டும், சூட்டில் ஒட்டிக் கூடாரம் மாதிரிக் கட்டிக்கொள்ளும். பக்கத்தில் கொல்லு வேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் இருந்தால் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வாளி கொடுத்துப் பார்க்கச் சொன்னால் அவர்களே தரம் சொல்லிவிடுவார்கள்.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 19, இரவு 8.40

நேற்றும் இன்றும் அள்ளினேன். கரி உள்ளே வரத்தான் ஜன்னலில் சரிவுப் பாதை இருக்கிறது, வெளியே போக மாடிப்படி மட்டும்தான். பெரிய அறையில் மொத்தம் 180 வாளி வரும், முக்கால் வாளியாகத் தூக்கினால் இன்னும் கூடும். முதலில் தண்ணீர் தெளித்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளினேன், தூசு அவ்வளவாக எழவில்லை. கொல்லு வேலை செய்யும் ஒருவர் வந்து சின்ன அறைக் கரி முழுவதையும் கொண்டுபோய்விட்டார், அந்தப் பணமும் அந்த அம்மாவுக்கே போனது.

ஒன்று சொல்ல வேண்டும். தரையை ஒட்டி எடுத்த கரியைக் கழுவியபோது சில துண்டுகளில் நீலச் சாயம் தெரிந்தது. கறை என்று நினைத்தேன், தேய்த்தாலும் போகவில்லை. இது என்ன?

ஹேசில்டன்_மாமா | அக்டோபர் 19, இரவு 9.10

தம்பி, அதைத் தனியாக எடுத்து வை! அது 'ப்ளூ கோல்'. கிளென் ஆல்டன் கம்பெனி தன் கரியை மற்றவர்களுடையதிலிருந்து அடையாளம் காட்ட நீலச் சாயம் தெளித்து விற்றது. வானொலி நாடகங்களுக்கெல்லாம் விளம்பரம் கொடுத்த கரி அது. உன் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஆஷ்லியில் இருந்த ஹூபர் பிரேக்கரில்தான் அது உடைபட்டது. 1976-இல் மூடினார்கள், 2014-இல் கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன்னால் ஒரு முறை போய்ச் சாலையிலிருந்து பார்த்தேன். எல்லா ஜன்னலும் உடைந்து, மலை மாதிரி நின்றது.

சாயத்தால் எரிவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் எரிக்காதே.

கிங்ஸ்டன்_கார்த்தி | அக்டோபர் 20, இரவு 7.30

எரிக்கவில்லை, மாமா. இன்று அந்தத் துண்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய தாத்தா ஆஷ்லி பிரேக்கரில்தான் வேலை பார்த்தாராம், அப்பா அந்தக் கரியைக் கடைசிவரை எரிக்காமல் அடியிலேயே விட்டுவைத்தது இப்போதுதான் புரிகிறது என்றார். ஒரே ஒரு துண்டை என் மகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் சுமார் 40 வாளி பாக்கி. வரும் சனிக்கிழமை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

ரெடிங்_குமரன் | அக்டோபர் 20, இரவு 8.05

கார்த்தி, சனிக்கிழமை காலை 8 மணிக்கு நானும் வருகிறேன். என்னிடம் நாலு வாளியும் ஒரு தள்ளுவண்டியும் இருக்கின்றன. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.